சாவு, மறுமை, உயிர்த்தெழுதல்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு பாடசாலையில் வேதாகமம் படிப்பித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அப்பா மெதடிஸ்த சபை, அம்மா கத்தோலிக்கம், அப்பாவின் தங்கை வாழ்க்கைப்பட்டது கோணேசர் கோயிலுக்குப் போகிற வீட்டில். ஒரு செத்தவீடு என்றால் எல்லாரும் ஒரே தறப்பாளுக்குக் கீழேதான் இருப்போம். பெட்டி எடுக்கும்வரை பிளேன்ரீயும் கையுமாகக் காத்திருக்கிற அந்த நேரத்தில் யாராவது என் பக்கத்துக் கதிரைக்கு நகர்ந்து வந்து மெல்லிய குரலில் கேட்பார்கள். அநேகமாக அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

"ரீச்சர், செத்த உடனே ஆள் எங்க போறார்?"

வேதாகமம் பல நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிய நூல்களின் தொகுப்பு. இந்தக் கேள்விக்கு அதில் ஓர் அதிகாரத்தைத் திறந்து முழுப் பதிலையும் காட்ட முடியாது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் நல்லவர் கெட்டவர் எல்லாரும் இறங்குகிற இடம் பாதாளம். புதிய ஏற்பாட்டில் பவுல், தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்க ஆசைப்படுகிறார் (பிலிப்பியர் 1:23). ஆனால் அதே பவுல் பக்கம் பக்கமாக எழுதுவது செத்த மறுநிமிடத்தைப் பற்றி அல்ல, கடைசி நாளில் மரித்தோர் எழும்புவதைப் பற்றி. வேதாகமத்தின் பாரம் முழுவதும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நாங்கள் செத்தவீட்டில் அதைச் சொல்லாமல் "மோட்சத்துக்குப் போயிற்றார்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இதுதான் என் பெரிய ஆதங்கம்.

மரண அறிவித்தலில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோமே, அதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நித்திரை என்றால் விழிப்பும் உண்டு. முதல் கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்யும் இடத்தைக் கிரேக்கத்தில் "கோய்மெத்தேரியன்" என்றார்கள், அதாவது நித்திரை கொள்ளும் இடம். நாங்கள் சேமக்காலை என்கிறோம். சேமம் என்றால் பத்திரம்.

"பாதாளம், நரகம் ரெண்டும் ஒண்டுதானே?"

இல்லை. பாதாளம் என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் "ஷெயோல்", கிரேக்கத்தில் "ஹாதேஸ்". அது செத்தவர்களின் இருண்ட, மௌனமான இடம். தண்டனைக்கூடம் அல்ல. யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே பாதாளத்தில் இறங்கி மகனிடம் போவேன் என்று அழுகிறார் (ஆதியாகமம் 37:35). தானும் மகனும் நரகத்துக்குப் போவோம் என்றா அவர் சொல்லியிருப்பார்?

நரகம் என்று வருவது "கெஹென்னா". புதிய ஏற்பாட்டில் 12 தடவை வருகிறது, யாக்கோபின் நிருபத்தில் வரும் ஒன்றைத் தவிர எல்லாம் இயேசுவின் வாயிலிருந்து. அது எருசலேமுக்குத் தெற்கே உண்மையாகவே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் அது, எரேமியா 7:31 அதைக் கண்டித்துப் பேசுகிறது. ஊர்க் குப்பையை எரித்த இடம் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அந்த விளக்கம் மத்திய காலத்தில்தான் எழுத்தில் வருகிறது. பிள்ளைகளின் இரத்தம் பட்ட நிலம் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பயங்கரத்தைக் கொடுத்தது.

"ஆத்துமா எண்டா உடம்புக்குள்ள அடைச்சு வச்சிருக்கிற ஒண்டுதானே? கூட்டைத் திறந்தா பறந்திடும்?"

எபிரெயச் சொல் "நெபேஷ்". ஆதியாகமம் 2:7இல் தேவன் மண்ணை எடுத்து, சுவாசத்தை ஊதினார், மனுஷன் ஜீவாத்துமாவானான். "ஆத்துமாவைப் பெற்றான்" என்று இல்லை, "ஆனான்" என்று இருக்கிறது. அதே சொல் மீனுக்கும் மிருகத்துக்கும் முதலாம் அதிகாரத்தில் வருகிறது. எண்ணாகமம் 6:6இல் பிரேதத்துக்கே வருகிறது.

எங்கள் பேச்சில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. "அது ஆறு சீவன் சாப்பிடுற வீடு" என்கிறோம். ஆறு முழு மனிதர்களைத்தான் சொல்கிறோம், அவர்களுக்குள் இருக்கிற ஆறு காற்றுகளை அல்ல. நெபேஷ் அந்தச் சீவன்தான். உடம்பு வேண்டாத சுமை, ஆத்துமாதான் அசல் ஆள் என்ற எண்ணம் கிரேக்க மெய்யியலில் பலமாக இருந்தது. நம் சுற்றாடலிலும் இருக்கிறது. எபிரெயர்கள் தொடங்கிய இடம் வேறு. இதை மனதில் வைத்தால் பின்னால் வருகிற பாதிக் கேள்விகள் தானாக இளகும்.

"பழைய ஏற்பாட்டில உயிர்த்தெழுதலே இல்லையாமே?"

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. "மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை" என்கிறது சங்கீதம் 6. யோபு 14இல், வெட்டின மரம்கூடத் தண்ணீரின் வாசனை பட்டால் துளிர்க்கும், மனுஷன் செத்தபின் பிழைப்பானோ என்ற கேள்வி. எசேக்கியேல் 37இன் உலர்ந்த எலும்புகள் சிறைப்பட்ட இஸ்ரவேல் தேசத்துக்கான உவமை. 11ஆம் வசனமே அதைச் சொல்லிவிடுகிறது. ஏசாயா 26:19இல் "மண்ணிலே தங்கியிருக்கிறவர்களே, விழித்துக் கெம்பீரியுங்கள்" என்ற குரல் எழும்புகிறது. கடைசியாகத் தானியேல் 12:2இல், தூளிலே நித்திரை பண்ணுகிறவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நிந்தைக்கும் விழிப்பார்கள் என்று நேரடியாகவே வருகிறது.

தானியேல் நூலின் கடைசி உருவம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். யூதர்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட காலம் அது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரம் அந்தக் காலத்துக் கதை: ஏழு பிள்ளைகளும் கண் முன்னால் சாக, தாய் அவர்களைத் தைரியப்படுத்துகிறாள். நியாயமாக வாழ்ந்த பிள்ளை கொல்லப்பட்டுக் கிடக்கும்போது, கடவுள் நீதியுள்ளவர் என்றால் இத்தோடு முடிய முடியாது. உயிர்த்தெழுதல் நம்பிக்கை அந்தக் கண்ணீரில்தான் தெளிவாகியது என்று நான் நம்புகிறேன். யுத்தத்தைக் கண்ட ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"பிரசங்கியில 'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்' எண்டு இருக்கு. கள்ளனுக்கு 'இன்றைக்கே பரதீசு' எண்டும் இருக்கு. எது சரி?"

வீட்டு வாசலுக்கு வந்து பத்திரிகை தருகிறவர்களோடு கதைத்த பிறகுதான் இந்தக் கேள்வி அதிகம் வரும். யெகோவாவின் சாட்சிகளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் பிரசங்கி 9:5ஐ முன்வைத்து, உயிர்த்தெழும்வரை செத்தவருக்கு உணர்வில்லை என்பார்கள். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் மற்றப் பல சபைகளும் தம்மோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு சொன்ன லூக்கா 23:43ஐக் காட்டி, செத்தவர் இப்போதே கிறிஸ்துவுடன் இருக்கிறார் என்பார்கள்.

லூக்கா வசனத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. "இன்றைக்கு" என்ற சொல் "சொல்லுகிறேன்" என்பதோடு சேருமா, "இருப்பாய்" என்பதோடு சேருமா என்று வாதாடலாம். தமிழில் அந்த வாதத்துக்கே இடமில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று எங்கள் மொழிபெயர்ப்பாளர் முடிவுகட்டிவிட்டார். அவர் சரி என்றுதான் நினைக்கிறேன். "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது இயேசு வழமையாகச் சொல்கிற முகவுரை, மற்ற இடங்களில் அதோடு "இன்றைக்கு" ஒட்டுவதில்லை. பிரசங்கியோ சூரியனுக்குக் கீழே தெரிவதை வைத்துப் பேசுகிற ஞானி. அவர் பார்வைக்கு எட்டியவரை சொன்னதை மறுமையின் முழுக் கணக்காக எடுக்கக் கூடாது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு பரதீசைப் "பேரின்ப வீடு" என்கிறது. பரதீசு பாரசீகத்திலிருந்து வந்த சொல், மதில் கட்டிய தோட்டம் என்று பொருள். எனக்குத் தோட்டமும் பிடிக்கும், வீடும் பிடிக்கும்.

"ஐசுவரியவான் நெருப்பில கிடந்து தண்ணி கேட்டாரே, அது நடந்த கதையா?"

லூக்கா 16இல் உள்ளது. இயேசு சொன்ன உவமைகளில் பாத்திரத்துக்குப் பெயர் இருப்பது இதில் மட்டும்தான். அதனால் நடந்த கதை என்பவர்கள் இருக்கிறார்கள். உவமைகளின் வரிசையில், "ஐசுவரியமுள்ள ஒரு மனுஷன்" என்ற அதே தொடக்கத்தோடு வருவதால் உவமை என்றே நான் படிப்பிக்கிறேன். அவன் கிடப்பதும் பாதாளத்தில்தான், கெஹென்னாவில் அல்ல (மேலே இரண்டாம் கேள்வி).

கதையின் கூர்மை மறுமையின் வெப்பத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது. லாசரு என்ற ஏழை பருக்களோடு அவன் வாசலருகே கிடந்தான், நாய்கள் வந்து நக்கின. செத்த பிறகும் அந்தப் பணக்காரன் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொண்டுவர அவனை அனுப்புங்கள் என்று ஆபிரகாமிடம் கேட்கிறான், வேலைக்காரனை ஏவுகிற மாதிரி.

"மற்ற லாசரு நாலு நாள் செத்துக் கிடந்தவர்தானே? அங்க என்ன கண்டாராம்?"

ஒரு சொல்லும் இல்லை. யோவான் 11இல் மார்த்தாள் "இப்பொழுது நாறுமே" என்கிறாள், இயேசு கண்ணீர் விடுகிறார், லாசரு கட்டுத் துணிகளோடு வெளியே வருகிறார். அடுத்த அதிகாரத்தில் பந்தியில் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதாகவோ அவர் சொன்னதாகவோ எழுதவில்லை. மறுமையைச் சுற்றிப் பார்த்து வந்ததாகப் பேசும் சாட்சிகள் கைபேசியில் வரும்போது இந்த மௌனத்தை நினையுங்கள்.

இன்னொன்று. லாசரு, நாயீன் ஊர் விதவையின் மகன், யவீருவின் மகள், தபீத்தாள் எல்லாரும் உயிர் பெற்றுப் பிறகு மறுபடி செத்தவர்கள்தான். இயேசுவின் உயிர்த்தெழுதல் அந்த வகை அல்ல. "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை" (ரோமர் 6:9).

"வெள்ளி பின்னேரம் செத்தார், ஞாயிறு காலமை எழும்பினார். எப்பிடி மூண்டு நாள்?"

யூதர்கள் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் சேர்த்து எண்ணினார்கள். எங்கள் வீடுகளில் முப்பத்தோராம் நாளை எப்படி எண்ணுகிறோம்? செத்த நாள்தானே ஒன்று.

"நாலு சுவிசேஷமும் நாலு மாதிரிச் சொல்லுதே?"

ஆம், ஒளிக்கத் தேவையில்லை. மாற்குவில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இருவர், யோவானில் பெயரோடு வருவது மகதலேனா மரியாள் மட்டும். கல்லறையில் மத்தேயுவும் மாற்கும் ஒருவரைக் காட்டுகிறார்கள், லூக்காவும் யோவானும் இருவரை. மாற்கு நூல் 4ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளில் 16:8உடன், பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிகிறது. வாரத்தின் முதல் நாள், வெறுமையான கல்லறை, அங்கே முதலில் போனவர்கள் பெண்கள், மகதலேனா மரியாள் என்பவற்றில் நால்வரும் ஒன்றே.

2004 டிசம்பர் 26 காலையை எங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வோம். எந்த ஒழுங்கையால் ஓடினோம், யார் கதவைத் தட்டினார்கள் என்பதில் இன்றைக்கும் ஒத்துவராது. கடல் வந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. பெண்கள் சொன்னதை அப்போஸ்தலரே "வீண்பேச்சு" என்று எண்ணினார்கள் (லூக்கா 24:11). கதை கட்டுகிறவர் அந்தக் காலத்தில் சாட்சிக்குப் பெண்களை நிறுத்தியிருக்கமாட்டார்.

"எழும்பும்போது எந்த உடம்பு? நோயாய்க் கிடந்த உடம்பேவா?"

கொரிந்து சபையார் இதைத்தான் கேட்டார்கள். பவுல் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதிய பதில் 1 கொரிந்தியர் 15. விதைப்பது வெறும் விதை, முளைப்பது பயிர். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இது அதிலிருந்துதான் வந்தது. "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்." ஆவிக்குரிய சரீரம் என்றால் புகை மாதிரி ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஆவியால் இயங்கும் சரீரம், ஆனாலும் சரீரம்தான்.

உயிர்த்த இயேசுவின் கைகளில் காயம் இருந்தது. பூட்டிய அறைக்குள் வந்தார். சீஷர்கள் ஆவி என்று பயந்தபோது பொரித்த மீனை வாங்கி அவர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார் (லூக்கா 24:42-43). யோவான் 21இல் விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனைச் சுட்டு வைத்துவிட்டு "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார். வலையில் 153 மீன் என்று எண்ணி எழுதியிருக்கிறது. கரையில் மீன் எண்ணி வாழ்கிற எங்களுக்கு இது எவ்வளவு கிட்ட!

"ரெண்டாம் கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு அங்க யார் புருசன்?"

உயிர்த்தெழுதல் இல்லை என்ற சதுசேயர், ஒரே பெண்ணை ஒருவர்பின் ஒருவராக மணந்து செத்த ஏழு சகோதரரின் கதையோடு இதையே கேட்டார்கள், மடக்குவதற்காக. யுத்தத்தில் கணவனை இழந்து மறுபடி கலியாணம் செய்த பெண் கேட்டால் அது மடக்குக் கேள்வி அல்ல. "கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்றார் இயேசு (மத்தேயு 22:30). கலியாணம் பேசுவதும் பெண் கொடுப்பதும் அங்கே இல்லை என்றுதான் சொன்னார், அன்பு அழியும் என்று சொல்லவில்லை. முதல் கணவரின் படத்தைக் கழற்ற வேண்டியதில்லை, தங்கச்சி.

"எரிச்சா உயிர்த்தெழும்ப ஏலாதா?"

எழும்பலாம். சவுலின் உடலை யாபேசின் மனுஷர் எரித்து எலும்புகளை அடக்கம் செய்தார்கள் (1 சாமுவேல் 31). கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்கும்படி 2016இல் அறிவுறுத்தியது. கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், அவர்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள், இனி எப்படி எழும்புவார்கள் பார்ப்போம் என்று. அந்தச் சபை நம்பிக்கையை விடவில்லை.

ஆனால் 2020இல் கொவிட் வந்து செத்த எல்லாரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று நாட்டில் விதி வந்தபோது, முஸ்லிம் அயலவர்களும் எங்கள் ஆட்களும் பட்ட வேதனை வேறு. 2021 பெப்ரவரிக்குப் பிறகுதான் அடக்கம் செய்ய விட்டார்கள். தேவனால் எழுப்ப முடியும் என்பது ஒன்று. விருப்பமில்லாத குடும்பத்திடமிருந்து உடலைப் பறிப்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்தக் கூடாது.

"என்ர பிள்ளைக்குக் குழியே இல்லையே. கடல்ல போனவன் எங்கயிருந்து எழும்புவான்?"

கேட்டது என் பெரியம்மா. அவவின் மகன், எனக்கு அண்ணா, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். இலங்கையில் அன்றைக்கு 30,000க்கும் அதிகமானோர் செத்தார்கள், பலருடைய உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கார்த்திகை 2ஆம் திகதியும், மரித்தோர் நினைவு நாளில், மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோவார்கள். பெரியம்மாவுக்குப் போக இடமில்லை. சேமக்காலை மணலில் ஒரு ஓரமாக, சிரட்டையால் சின்னக் குழி தோண்டி, காற்றுப் படாமல் அதற்குள் மெழுகுதிரியை வைப்பா.

அவவுக்கு வெளிப்படுத்தல் 20:13ஐ வாசித்துக் காட்டினேன்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." அந்த வசனத்தில் மரணத்துக்கும் பாதாளத்துக்கும் முன்னால் கடலைத்தான் சொல்லியிருக்கிறது. கல்லறை இல்லாதவர்களுக்கு அங்கே தனி இடம். இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அத்தேனாகோரஸ் பெயரில் வழங்கும் ஒரு நூலும் கப்பல் உடைந்து செத்து மீன்களுக்கு இரையானவர்களைப் பற்றிக் கேட்கிறது. படைத்தவருக்குத் தம் கைவேலையின் ஒவ்வொரு பங்கும் எங்கே போனது என்று தெரியும் என்பதே அதன் பதில். பெரியம்மா என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. "ஒப்புவித்தது எண்டா, திருப்பிக் குடுக்கிறதுதானே?" என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு இந்த வசனத்தை நான் வாசிப்பதில்லை. அவர்கள் பிள்ளை செத்ததாகச் சொல்லவே இல்லை. அவர்கள் கேட்கிறது உண்மையை. அதற்கு முன்னால் ஆறுதல் வசனம் சொல்வது அநியாயம்.

"செத்தவருக்காகப் பூசை ஒப்புக்குடுக்கலாமா?"

இதில் எங்கள் வீடே இரண்டு. 2 மக்கபேயர் 12இல் யூதர்களின் படைத்தலைவர் யூதா, போரில் விழுந்தவர்களின் பாவத்துக்காக 2,000 திராக்மா வெள்ளி சேர்த்து எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்புகிறார். கத்தோலிக்கரின் 73 நூல்களில் மக்கபேயர் உண்டு, எங்கள் 66இல் இல்லை. செத்தவர்கள் மோட்சத்துக்கு முன் சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையை மெதடிஸ்தர் ஏற்பதில்லை. நான் அம்மாவோடு சேமக்காலைக்குப் போவேன், அவ செபிப்பா, நான் நன்றி சொல்வேன். மெழுகுதிரியை இரண்டு பேரும் சேர்ந்துதான் கொளுத்துவோம்.

"எலியாதான் யோவான் ஸ்நானனாய்ப் பிறந்தவராமே, அப்ப மறுபிறவி இருக்குத்தானே?"

இதை என் மாமியின் மகள் கேட்டாள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு வரும் வழியில். "எலியாவின் ஆவியும் பலமும் உடையவனாய்" என்று லூக்கா 1:17 விளக்குகிறது. இயேசுவின் தோற்றம் மாறிய மறுரூப மலையில் எலியா எலியாவாகவே வருகிறார். எபிரெயர் 9:27 ஒரேதரம் மரிப்பது என்கிறது. நம்பிக்கையில் நாங்கள் பிரிகிற இடம் இது, அவளும் நானும் அதை அறிவோம். அந்தியேட்டிக்குக் கூப்பிட்டால் நான் போகாமல் இருப்பதில்லை.

"புதிய பூமியில கடலே இல்லையாமே. எங்களுக்கு அங்க என்ன வேலை?"

திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்ற வெளிப்படுத்தல் 21:1ஐ யாரோ அவருக்கு வாசித்திருக்கிறார்கள். அந்த நூலில் கடல் என்பது பயங்கரத்தின் அடையாளம், 13ஆம் அதிகாரத்தில் மிருகம் எழும்பி வருகிற இடம். கண்ணீர், மரணம், துக்கம் இல்லாமற்போகும் பட்டியலோடு சேர்ந்து அதுவும் போகிறது. மற்றப்படி சங்கீதம் 104 கடலையும் அதிலோடும் கப்பல்களையும் பார்த்துத் துதிக்கிறது.

அவர் தலையாட்டினாரே தவிர முகம் தெளியவில்லை. சரி என்று எசேக்கியேல் 47ஐ எடுத்தேன். வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில் ஓடுகிற ஜீவத்தண்ணீர் நதி அங்கேயிருந்து வந்ததுதான். ஆலயத்திலிருந்து புறப்படும் தண்ணீர் சவக்கடலில் விழுந்து அதை ஆரோக்கியமாக்குகிறது. என்கேதி துவக்கி எனெக்லாயீம்மட்டும் மீன்பிடிக்கிறவர்கள் நிற்பார்கள், அது வலைகளை விரிக்கிற இடமாயிருக்கும், மீன்கள் பற்பல ஜாதியாயிருக்கும் என்று பத்தாம் வசனம்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவு மீன் பட்டா உப்புக்கு எங்க போறது?" என்றார். அடுத்த வசனத்தைக் காட்டினேன். சேறான பள்ளங்கள் மட்டும் ஆரோக்கியமாகாமல் உப்பாகவே விடப்படும் என்று அதில் இருக்கிறது.